போதாத கருவிக்கு மதிப்பெண் வேண்டாம்: எரிசக்தி விதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டட எரிசக்தி விதிகளை எழுதும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும், அந்த விதிகளின்படி வரும் கணினி மாடல்களைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கட்டப்போகும் கட்டடம் எரிசக்தி விதியில் தேறுமா என்பதை இன்று பல இடங்களில் கணினி மாடல்தான் முடிவு செய்கிறது. வரைபடத்தில் உள்ளபடி ஒரு மாடல் செய்கிறோம். அதே வடிவம், அதே பயன்பாடு, ஆனால் விதி சொல்லும் அடிப்படைத் தரத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொன்று. இரண்டையும் ஆண்டின் 8760 மணி நேரத்துக்கும் ஓட்டிப் பார்த்து, வரப்போகும் கட்டடம் விதி கேட்கும் அளவுக்குக் குறைவாகச் செலவழித்தால் தேர்ச்சி. இந்த மாடல்களைச் செய்வதே தொழிலாகக் கொண்டவர்களில் நானும் ஒருவன். முறை நல்ல முறை. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கும் அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கட்டடத்தில் வைக்கும் வெப்பமூட்டும் கருவியோ குளிரூட்டும் கருவியோ தேவைக்குச் சிறியதாக இருந்தால், மாடல் அதைச் சிக்கனமாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டை இதுதான்.

ஓர் அறையை 24 டிகிரியில் வைத்திருக்க அந்த நேரத்தில் 5 கிலோவாட் குளிர்ச்சி வேண்டும், வைத்திருக்கும் கருவியால் 4 கிலோவாட்தான் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம். மாடல் அந்த 4 கிலோவாட்டுக்கான மின்சாரத்தை மட்டும் கணக்கில் எழுதுகிறது. மீதி 1 கிலோவாட் எங்கும் பதிவாவதில்லை. அறை சூடாகிறது. அறை சூடானதும் இன்னொன்றும் நடக்கிறது. வெளியே 36 டிகிரி, உள்ளே 24 டிகிரி என்றால் வித்தியாசம் 12. உள்ளே 28 ஆகிவிட்டால் வித்தியாசம் 8. சுவர், கூரை, கண்ணாடி வழியாகக் கடந்து வரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கருவிக்கு வேலை மேலும் குறைகிறது, மாடலின் மின்கணக்கும் இறங்குகிறது. உள்ளே இருப்பவர் வியர்த்துக் கிடக்க, விதியின் கண்ணில் கட்டடம் இன்னும் நல்ல கட்டடமாகிக்கொண்டே போகிறது.

இதைத் தடுக்கத்தான் எட்டாத மணிகளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறீர்கள். தொழிலில் நாங்கள் அன்மெட் லோடு ஹவர்ஸ் என்று சொல்வது: தெர்மோஸ்டாட்டில் வைத்த வெப்பநிலையைக் கருவியால் எட்ட முடியாமல் போன மணிகளின் எண்ணிக்கை. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 90.1 தரத்தில், ஜி பின்னிணைப்பில், இந்த வரம்பு ஆண்டுக்கு 300 மணி. பல நாடுகளிலும் மாடலர்கள் கையில் எடுக்கும் எண் இதுதான். கலிஃபோர்னியாவின் டைட்டில் 24 விதியில் ஒவ்வொரு ஸோனுக்கும் (ஒரே தெர்மோஸ்டாட்டில் இயங்கும் பகுதி) 150 மணி என்று இருக்கிறது. வரம்பு இருப்பது நல்லது. ஆனால் அது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பாருங்கள்.

8760 மணியில் 300 மணி என்றால் 3.4 சதவீதம். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் அலுவலகத்தில் ஆள் இருப்பது நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 5 நாள் என்றால் ஆண்டுக்கு 2600 மணிதான். எட்டாத 300 மணியும் ஆள் இருக்கும் நேரத்தில் விழுந்தால் அது 11.5 சதவீதம். அதிலும் குளிர்ச்சி போதாமல் போவது கோடையில்தானே. கோடை நான்கு மாதம் என்றால் அலுவலக நேரம் ஏறக்குறைய 870 மணி. அதில் 300 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கோடை வேலைநேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குளிராத கட்டடம் விதியில் தேறிவிடும். கருவியின் அளவை முடிவு செய்யப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் வெளி வெப்பநிலை, ஆண்டில் 0.4 சதவீத நேரம் மட்டுமே மீறப்படுவது. அதாவது 35 மணி. சற்றுத் தாராளமாக 1 சதவீதம் எடுத்தாலும் 88 மணிக்குள் முடிந்துவிடும். அந்த மணிகள் எல்லாவற்றிலும் கருவி தோற்றுப்போகும் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே ஆட்களும் விளக்குகளும் முழு அளவில் இருப்பதாக வைத்துத்தான் அளவு போடுகிறோம். பூஜ்யம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 300 என்பது முறையாக அளவிட்ட கட்டடத்துக்குத் தேவையானதைவிட மிகப் பெரிய இடைவெளி என்பதே என் கவலை.

அதோடு, எங்கே என்ற கேள்விக்கு இந்த எண்ணில் பதில் இல்லை. ஆஷ்ரே முறையில் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு ஸோன் எட்டாமல் போனாலும் அது ஒரு மணி, நாற்பது ஸோனும் சேர்ந்து எட்டாமல் போனாலும் அதே ஒரு மணி. மேற்கு மூலையில் ஒரே அறை 290 மணி வெந்துபோன கட்டடமும், முழுக்கட்டடமே 290 மணி வெந்துபோன கட்டடமும் அறிக்கையில் ஒன்றுபோலவே தெரியும். எவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் இல்லை. எனர்ஜிபிளஸ் என்ற மாடல் மென்பொருள் செட்பாயிண்ட்டிலிருந்து, அதாவது தெர்மோஸ்டாட்டில் வைத்த வெப்பநிலையிலிருந்து, 0.2 டிகிரி விலகினாலே எட்டவில்லை என்று எண்ணத் தொடங்கும். அதன் இயல்பு அமைப்பு அப்படி. அரை டிகிரி விலகிய மணியும் ஆறு டிகிரி விலகிய மணியும் ஒரே தராசில் ஒன்றாகத்தான் நிற்கின்றன. ஈரப்பதம் இந்தக் கணக்கிலேயே இல்லை. வெப்பநிலை 24 டிகிரியில் நின்று, காற்றில் ஈரம் ஏறி, சுவரில் பூஞ்சை பிடிக்கும் நிலை வந்தாலும் எட்டாத மணி பூஜ்யம் என்றே அறிக்கை வரும்.

இந்த எண்ணை மாடலர்கள் எப்படிக் கீழே கொண்டுவருகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுத்தில் சொல்லிவிடுகிறேன். மாடல் 420 மணி காட்டுகிறது, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஒரு வெப்பநிலையைச் சுற்றி எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளும் என்ற த்ராட்லிங் ரேஞ்ச் அளவைச் சற்று அகலப்படுத்தினால் நூறு மணி காணாமல் போகும். பிரச்சினையான மூலை அறையைப் பக்கத்துப் பெரிய ஸோனோடு சேர்த்துவிட்டால் அதன் சூடு சராசரியில் கரைந்துவிடும். எல்லாவற்றையும்விட எளிய வழி, கருவித் திறனை ஆட்டோசைஸ் என்று விட்டுவிடுவது. அப்போது மென்பொருளே தனக்கு வேண்டிய அளவைப் போட்டுக்கொள்ளும். எட்டாத மணி விழுந்துவிடும். ஆனால் கட்டடத்தில் வந்து இறங்கப்போவது வரைபட அட்டவணையில் எழுதியிருக்கும் கருவிதான். மென்பொருள் மனதில் வைத்திருந்த கருவி அல்ல.

முன்மொழியும் மாடலில், அதாவது கட்டப்போகும் கட்டடத்தின் மாடலில், உண்மையான கருவியின் உண்மையான திறனையும் (எத்தனை கிலோவாட் தரும்) செயல்திறனையும் (அதற்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கும்) இட வேண்டும் என்று ஆஷ்ரே விதி தெளிவாகவே சொல்கிறது. சொல்வது ஒன்று, சரிபார்ப்பது இன்னொன்று. பரிசீலனைக்கு வரும் கோப்பில் செயல்திறனை அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள், கண்ணாடியின் அளவுகளை ஒப்பிடுகிறார்கள், விளக்குகளின் வாட்டை ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கருவியின் கிலோவாட்டும் மாடலில் அதே எண்ணாக இருக்கிறதா என்று கேட்கும் பரிசீலனை அரிது.

இத்தனைக்கும் நடுவில், நான் கேட்கப்போகிற கொள்கையை நீங்களே ஏற்கெனவே ஏற்றிருக்கிறீர்கள். இந்த மடலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வடிவமைப்பில் குளிரூட்டும் அமைப்பே இல்லாத கட்டடத்துக்கு என்ன செய்யச் சொல்கிறது ஆஷ்ரே 90.1? பொதுவாக, ஒப்பீட்டு மாடலில் உள்ளதைப் போன்ற ஒரு எளிய குளிரூட்டும் அமைப்பு இருப்பதாக வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. காரணம் நியாயமானது. இன்று ஏசி இல்லை என்பதற்காக அந்தக் கட்டடத்துக்குச் சிக்கனப் பட்டம் கொடுத்துவிட்டால், நாளை யாராவது ஏசி மாட்டும்போது கணக்கு பொய்யாகிவிடும். சரி. ஆனால் தேவையில் பாதியைத் தரும் ஒரு ஏசியை வரைபடத்தில் வைத்துவிட்டால், அந்தப் பாதியின் மின்சாரம் மட்டும்தான் கணக்கில் வருகிறது. அமைப்பே இல்லாதவருக்கு முழுக் கணக்கு, போதாத அமைப்பு வைத்தவருக்குப் பாதிக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே எந்தத் தர்க்கமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் உங்கள் விதி இதைவிடக் கவனமாக இருந்தது. ஆஷ்ரே 90.1-ன் 2007 பதிப்பில், முன்மொழியும் கட்டடத்தின் எட்டாத மணிகள் ஒப்பீட்டுக் கட்டடத்தினுடையதைவிட 50-க்கு மேல் கூடக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. கூடினால், ஒப்பீட்டுக் கட்டடத்தின் கருவியைப் படிப்படியாகச் சிறிதாக்கி, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அசௌகரியத்தில் நிற்கும்வரை மறுபடி ஓட்ட வேண்டும். வேலை கூடுதல்தான். அன்று எங்களில் பலர் சலித்துக்கொண்டோம். ஆனால் சூடான அறையைக் காட்டி மின்சாரத்தை மிச்சம் பிடித்ததாகச் சொல்ல முடியாதபடி அது பார்த்துக்கொண்டது. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த நிபந்தனை போய்விட்டது, 300 மட்டும் தங்கிவிட்டது. அதைத் தாண்டினாலும், கணக்கீட்டின் துல்லியம் பெரிதாகக் கெடவில்லை என்று காட்டினால் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம் என்ற வழியும் இருக்கிறது. கணக்கின் துல்லியத்தைப் பற்றிய அக்கறை அந்த வாசகத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கப்போகிறவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஏன் இதை இப்போது அவசரமாக எழுதுகிறேன் என்றால், ஹீட் பம்ப் வந்துவிட்டது. பாய்லர் வெளியே எத்தனை குளிராக இருந்தாலும் ஏறக்குறைய அதே வெப்பத்தைத் தரும். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் அப்படி அல்ல. அட்டவணையில் அதன் திறனாக எழுதுவது பெரும்பாலும் வெளியே 8.3 டிகிரி இருக்கும்போது தருவதை. உள்ளே 21 டிகிரி வேண்டும் என்றால் அப்போது வித்தியாசம் 12.7. வெளியே மைனஸ் 8.3-க்குப் போனால் வித்தியாசம் 29.3. வெளிக்குளிரால் கட்டடம் இழக்கும் வெப்பம் 2.3 மடங்காகிறது. அதே நேரத்தில் கருவி தரும் வெப்பமோ குறைந்துகொண்டே வருகிறது. வெளியலகில் படியும் பனியை உருக்க நின்று நின்று ஓடும் நேரம் வேறு. அப்புறம் இரண்டும் விலகிப்போகும் அந்த இடைவெளியை அடைப்பது மின்தடைச் சுருள் கொண்ட துணை ஹீட்டர். ஒரு அலகு மின்சாரத்துக்கு ஒரே அலகு வெப்பம்.

அந்தத் துணை ஹீட்டரை மாடலில் இடாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மின்தடையில் எரியும் மின்சாரம் எதுவும் கணக்கில் வராது. எட்டாத மணிகள் கொஞ்சம் ஏறும், அதை 300-க்குள் பிடித்துவிடலாம். ஆண்டு முழுவதும் அழகான செயல்திறன் தெரியும். கட்டடம் எழுந்த பிறகு, கடுங்குளிர் வந்த காலையில் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு சிறிய ஹீட்டர் வந்து உட்காரும். அது எந்த மாடலிலும் இல்லை, எந்தத் தேர்ச்சிச் சான்றிதழிலும் இல்லை, மின்கட்டணத்தில் மட்டும் இருக்கும். மின்கட்டமைப்பை நடத்துபவர்களுக்கும் அன்றைக்குத்தான் உச்சத் தேவை. கரியமில வாயுவைக் குறைக்க ஹீட் பம்பைத் தூக்கிப் பிடிக்கிற நாமே அதன் பெயரைக் கெடுக்கும் கட்டடங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குளிரூட்டலிலும் கதை இதேதான், திசை மட்டும் வேறு. கருவியின் திறனை வெளியே 35 டிகிரியில் சோதித்து எழுதுகிறார்கள். வெளியே 42, 45 என்று போகும்போது அதே கருவி குறைவாகத்தான் தரும். உயரமான ஊர்களில் காற்று லேசாக இருப்பதாலும் திறன் குறையும். இந்தத் திருத்தங்களையெல்லாம் மாடலில் இட முடியும். செய்திருக்கிறார்களா என்று யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வானிலைக் கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து சராசரிக்கு நெருக்கமான ஜனவரி, சராசரிக்கு நெருக்கமான பிப்ரவரி என்று மாதம் மாதமாகப் பொறுக்கி ஒட்டித்தான் நாம் மாடலுக்குக் கொடுக்கும் ஆண்டு உருவாகிறது. ஆற்றல் ஒப்பீட்டுக்கு அது சரியான ஆண்டு. ஆனால் மோசமான வெப்ப அலைகள் அந்தப் பொறுக்கலிலேயே வெளியே போய்விடுகின்றன. சாதாரண ஆண்டில் 280 மணி எட்டாத கட்டடம் அசாதாரண ஆண்டில் என்ன செய்யும்? 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள் என்று அங்குள்ள மரண விசாரணைத் துறை அறிவித்தது. அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது கட்டடங்களுக்கு உள்ளே. அந்தக் கட்டடங்கள் மாடல் பிழையால் சூடாயின என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பலவற்றில் குளிரூட்டும் வசதியே இல்லை. உள்வெப்பநிலை என்பது வசதிக்கான அளவு மட்டும் அல்ல, அது உயிர் சம்பந்தப்பட்ட அளவு என்பதற்காகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஓர் அளவை, கணக்கின் துல்லியத்தைக் காக்கும் துணை எண்ணாக மட்டும் நாம் வைத்திருக்கக் கூடாது.

வேறு விதமாகவும் எழுத முடியும். பிரிட்டனில் வீடுகள் அளவுக்கு மீறிச் சூடாகின்றனவா என்று பார்க்கும் டி.எம்.59 முறை, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை படுக்கையறை 26 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரம், ஆண்டின் அந்த இரவு மணிகளில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது 32 மணி. எந்த அறை, எந்த நேரம், எத்தனை டிகிரி என்று மூன்றும் அதில் இருக்கின்றன. அதன் அண்ணன் போன்ற டி.எம்.52-ல், ஒரு நாளில் எத்தனை டிகிரி எத்தனை மணி என்று பெருக்கிப் பார்க்கும் அளவுகோலும் உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. எரிசக்தி விதியின் வேலை வேறு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் டிகிரியையும் மணியையும் சேர்த்து எண்ணுவது முடியாத காரியம் அல்ல என்று அது காட்டிவிட்டது.

உங்கள் கூட்டங்களில் இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். குறைவுக்குத் தண்டனை வைத்தால் எல்லோரும் கருவியைப் பெரிதாக்கிவிடுவார்கள் என்பார்கள். அது வெற்றுப் பயம் அல்ல. பெரிதாக்கிய ஏசி சட்டென்று குளிர்த்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது, அடிக்கடி நின்று ஓடுவதால் ஆயுளும் குறையும். ஒப்பீட்டு மாடலின் கருவிகளுக்கே குளிர்ச்சியில் 15 சதவீதமும் வெப்பத்தில் 25 சதவீதமும் கூடுதல் அளவு கொடுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் அளவு மீறிய கருவிக்கான தண்டனை மாடலிலேயே இருக்கிறது. குறைந்த சுமையில் அதன் செயல்திறன் விழுவதையும் விசிறி கூடுதல் மின்சாரம் எடுப்பதையும் மென்பொருள் கணக்கிடுகிறது. அளவு குறைந்த கருவிக்குத்தான் தண்டனைக்குப் பதில் பரிசு கிடைக்கிறது. இரண்டு பக்கமும் விலை இருந்தால்தான் வடிவமைப்பாளர் நடுவில் வந்து நிற்பார்.

ஆகவே நான் கேட்பது இது. முன்மொழியும் மாடலில் ஆட்டோசைஸ் செய்த திறன் எதுவும் இருக்கக் கூடாது என்று தடை செய்யுங்கள். கருவி அட்டவணையில் உள்ள திறனும் மாடலில் உள்ள திறனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு தாளைச் சமர்ப்பிப்பில் கட்டாயமாக்குங்கள். பாதி ஏமாற்று அந்த ஒரு தாளிலேயே நின்றுவிடும். எட்டாத மணியை ஸோன் வாரியாக, வெப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும் தனித்தனியாக, ஆள் இருக்கும் நேரத்தைப் பிரித்துக் கேளுங்கள். டிகிரியோடு பெருக்கியும் கேளுங்கள். ஒவ்வொரு ஸோனின் வெப்பநிலையையும் மணிக்கு மணி மென்பொருள் ஏற்கெனவே வைத்திருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தராமல் விட்ட வெப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும் கணக்கு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸோனிலும் மாடலில் மட்டும் இருக்கும் ஒரு துணைக் கருவியை வைத்து, செட்பாயிண்ட்டை எட்ட இன்னும் எவ்வளவு தேவைப்பட்டது என்று அளக்கலாம். குளிர்ச்சியில் குறைந்ததை ஒப்பீட்டு மாடலின் செயல்திறனிலும், வெப்பத்தில் குறைந்ததை மின்தடை ஹீட்டர் அளவிலும் மின்சாரமாக்கி முன்மொழியும் கட்டடத்தின் கணக்கில் சேர்க்கலாம். மேசைக்கு அடியில் வரப்போவது மின்தடை ஹீட்டர்தான் என்பதால் அந்த அளவே உண்மைக்கு அருகில் இருக்கும். ஜன்னல் காற்றையும் நிழலையும் நம்பி வேண்டுமென்றே கருவி இல்லாமல் வடிவமைக்கும் கட்டடங்களை இதில் மாட்டிவிட வேண்டாம். வெளிவெப்பத்தோடு சேர்ந்து மனிதர் பழகிக்கொள்ளும் அளவை ஏற்கும் தகவமைப்பு வசதி முறைகள் அவற்றுக்கு இருக்கின்றன, அந்த வழியில் அவை தங்களை நிரூபிக்கட்டும்.

பரிசீலனை அலுவலர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். எட்டாத மணி கூடுதலாக வந்தால் "மாடலைத் திருத்தி அனுப்பவும்" என்று குறிப்பு எழுதி மாடலருக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். சில நேரம் அது சரிதான். காலையில் ஆள் வந்த பிறகு விசிறி தொடங்கும்படி நேர அட்டவணை தப்பாக இருக்கும், இரவில் வெப்பநிலையை அளவுக்கு மீறி இறக்கியிருப்பார்கள். அவை மாடலின் தவறுகள், நாங்கள் திருத்த வேண்டியவை. ஆனால் அட்டவணை சரியாக இருந்தும் மேற்கு ஸோன் மட்டும் மதியம் மூன்று மணிக்கு எட்டவில்லை என்றால், தவறு மாடலில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பு வடிவமைப்புப் பொறியாளருக்குப் போக வேண்டும். பெரிய கருவி வைக்கட்டும், அல்லது கண்ணாடியைக் குறைத்து நிழல் கொடுக்கட்டும். எங்களிடம் மட்டும் திருப்பி அனுப்பினால், எண் சரியாகும் வரை எண்ணைத்தான் எங்களால் மாற்ற முடியும்.

விதியின் அடுத்த திருத்த வரைவில் திறன் ஒப்பீட்டுத் தாளையும் ஸோன் வாரி அறிக்கையையும் முதலில் சேருங்கள். குறைவுக்குக் கணக்கு எழுதும் முறையைச் சோதித்துப் பார்க்க ஒரு சுற்று அவகாசம் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை ஓட்டங்களுக்கு என் மாடல்களையும் நேரத்தையும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். என்னைப்போல இன்னும் பலர் இருப்பார்கள்.

மரியாதையுடன்,
ஒரு கட்டட எரிசக்தி மாடலர்